வாடகைக்குக் கட்டும் வீடும் இன்சூரன்ஸ் தாளும்



இது நீளமான பதிவு. அடுப்பில் பால் வைத்திருந்தால் இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள்.

போன ஒரு மாதத்தில் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். மூவரும் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர்கள். ஒருவர் சேரப்பணஞ்சேரியில் அப்பா கொடுத்த மனையில் ஆறு அறை கட்டுகிறார். இன்னொருவர் ஒரகடம் பக்கம் இருக்கிற வீட்டின் மேல் மாடி எடுக்கிறார். மூன்றாவது ஆள் இப்போதுதான் மாத்தூரில் மனை பார்க்கிறார். மூவரும் கட்டுவது குடியிருக்க அல்ல, கம்பெனி பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட. "டீச்சர், பேங்க்ல இன்சூரன்ஸ் போடச் சொல்றாங்க. அது தண்டச் செலவா, நிஜமாவே உதவுமா?" இதுதான் கேள்வி.

நான் படித்தது ஆசிரியர் பயிற்சிப் பட்டயம். இன்சூரன்ஸ் ஏஜெண்டும் இல்லை, வக்கீலும் இல்லை. ஆனால் எதைக் கேட்டாலும் "இது எப்போ ஆரம்பிச்சுது" என்று பின்னால் போய்ப் பார்க்கிற புத்தி எனக்கு வகுப்பிலேயே உண்டு, உங்களுக்குத் தெரியும். அப்படிப் போய்ப் பார்த்ததை எழுதுகிறேன்.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. சேரப்பணஞ்சேரி, வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் படப்பையைத் தாண்டி ஒரகடத்துக்கு முன்னால் இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த எண்பதுகளில் இந்தப் பக்கம் முழுக்க ஏரிப் பாசனமும் நெல்லும்தான். வீடு என்றால் குடியிருப்பதற்கு. வாடகை வீடு என்று ஒன்று இருந்தால் அது வாத்தியாருக்கும் நர்சம்மாவுக்கும் போஸ்ட்மாஸ்டருக்கும்தான். பாதி வீடு கீற்று, மீதி நாட்டு ஓடு. சித்திரை வைகாசியில் ஒரு கூரை பற்றிக்கொண்டால் காற்றுக்கு நாலு கூரை போகும். மறுநாள் தெருவே மூங்கிலும் கீற்றும் அரிசியும் கொண்டுவந்து கொடுக்கும். இன்று அவனுக்கு, நாளை நமக்கு என்ற கணக்கு. காப்பீட்டின் அடிப்படையும் இதே கணக்குதான், தாளில் எழுதவில்லை, அவ்வளவுதான்.

தாளில் எழுதாவிட்டாலும் நம் மாவட்டத்துக்காரர்கள் கல்லில் எழுதியிருக்கிறார்கள். உத்திரமேரூர் கல்வெட்டைக் குடவோலைத் தேர்தலுக்காக எல்லோரும் மனப்பாடம் செய்தோம். பராந்தக சோழன் காலம், 919, 921 ஆண்டுகள். அதில் ஏரி வாரியம் என்று தனியாக ஒரு குழு உண்டு. ஏரியைத் தூர் வாரிக் கரையைக் காப்பது அதன் வேலை. இன்னொன்றையும் கவனியுங்கள். வாரியத்துக்குப் பெயர் எழுதப்பட வேண்டுமானால் வரி கட்டும் நிலம் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். கரை உடைந்தால் எவன் வீட்டுக்குள் தண்ணீர் வருமோ அவனிடமே கரையைக் காக்கும் பொறுப்பு. இதைப் பிறகு 2015-க்கு வரும்போது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அரசாங்கம் ஏழைகளின் கூரைக்கு என்று காப்பீடு கொண்டுவந்தது 1988-இல். குடிசைக் காப்பீட்டுத் திட்டம். தீயில் போன குடிசைக்கு 1,000 ரூபாய், உள்ளே இருந்த பொருளுக்கு 500 ரூபாய் வரை. அன்றைக்கு அது கீற்று மாற்றக் காணும்.

சரி, வீட்டுக்கு இன்சூரன்ஸ் என்பதை முதலில் கடை திறந்து விற்றது யார் என்று பார்த்தால் கதை லண்டனுக்குப் போகிறது. நம் கேள்விக்கு நேராகப் பொருந்தும் ஆள் அங்கேதான் இருக்கிறார்.

1666 செப்டம்பரில் லண்டனில் ஒரு ரொட்டிக் கடையில் பிடித்த தீ நாலு நாள் எரிந்தது. 13,200 வீடுகள் போயின. எரிந்த பிறகுதான் பெரிய சண்டை. அந்த ஊர் வழக்கப்படி குத்தகைக்காரன்தான் வீட்டைப் பழுதுபார்த்துத் தர வேண்டும், வாடகையும் கட்ட வேண்டும் என்று பல பத்திரங்களில் எழுதியிருந்தது. வீடே இல்லை, வாடகை எதற்கு என்றான் குடியிருந்தவன். பத்திரத்தைப் பார் என்றான் உரிமையாளன். இதைத் தீர்க்கத் தீ நீதிமன்றம் என்று தனியாக ஒன்றை வைத்தார்கள். நீதிபதிகள் சம்பளம் வாங்காமல் வருடக்கணக்கில் உட்கார்ந்து, ஒவ்வொரு வீட்டுக்கும் யார் எவ்வளவு இழப்பைச் சுமப்பது என்று பிரித்துக் கொடுத்தார்கள்.

இந்தச் சாம்பலில் பிழைத்த ஒரு மனிதர் நிக்கோலஸ் பார்பன். படித்தது மருத்துவம், செய்தது ரியல் எஸ்டேட். எரிந்த இடங்களையும் பழைய பெரிய மாளிகைகளின் தோட்டங்களையும் வாங்கி, மனை பிரித்து, வரிசை வரிசையாக வீடு கட்டி விற்றார். நம் பாஷையில் புரொமோட்டர். 1680 வாக்கில் அவரே கூட்டாளிகளோடு சேர்ந்து வீடுகளுக்குத் தீக் காப்பீடு விற்கும் அலுவலகத்தைத் தொடங்கினார். கட்டணம் எப்படித் தெரியுமா? செங்கல் வீட்டுக்கு வருட வாடகையில் நூற்றுக்கு இரண்டரை, மர வீட்டுக்கு ஐந்து. எரியக்கூடியதற்கு இரட்டிப்பு. நம் நாட்டுத் தீக் காப்பீட்டிலும் கீற்று, மூங்கில் கூரைக்குத் தனியாகக் கூடுதல் விகிதம் வைத்திருந்தது இதே யோசனையில்தான். பார்பன் தீயணைக்க ஆட்களையும் சம்பளத்துக்கு வைத்தார்.

விற்பதற்காக வீடு கட்டியவரே வீட்டுக் காப்பீட்டையும் விற்றார் என்பது எனக்குப் பிடித்த செய்தி. ஆனால் அவர் கதையில் இன்னொரு பாதியும் உண்டு. அவர் கட்டிய வீடுகள் சில இடங்களில் நிலவறை சரிந்து இடிந்து விழுந்தன என்று அவர் காலத்தவரே எழுதி வைத்திருக்கிறார்கள். தீக்கு இன்சூரன்ஸ் கொடுத்தார். தான் மோசமாகக் கட்டியதற்கு இன்சூரன்ஸ் கொடுக்கவில்லை. கடைசியில், தான் இறந்த பிறகு தன் கடன் எதையும் அடைக்க வேண்டாம் என்று உயில் எழுதிவைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். கெட்டிக்காரர்!

முந்நூற்று நாற்பது வருடம் ஆகியும் இந்த ஏற்பாடு பெரிதாக மாறவில்லை. தீ, புயல், வெள்ளம் என்று வெளியிலிருந்து வருவதற்குக் கம்பெனி பணம் தரும். கட்டுமானம் மோசமாக இருந்ததற்கும், குடிவர ஆள் இல்லாததற்கும் தராது. நம் பக்கத்தில் கடந்த பத்துப் பதினைந்து வருடத்தில் இந்த மூன்றுமே நடந்திருக்கின்றன.

நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். இருங்காட்டுக்கோட்டையில் 1996-இல் ஹூண்டாய் வேலையை ஆரம்பித்து 1998-இல் கார் வெளியே வந்தது. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ - நிசான். பிறகு டெய்ம்லர் லாரி, ராயல் என்ஃபீல்டு. இராமானுஜர் பிறந்த ஊர் என்றும், 1991-க்குப் பிறகு ராஜீவ் காந்தி இறந்த ஊர் என்றும் தெரிந்த இடம், வேலை கிடைக்கும் ஊர் என்று வடநாடு வரை தெரிய ஆரம்பித்தது. வந்த பிள்ளைகளுக்குப் படுக்க இடம் வேண்டும். நம்மவர்களிடம் மனை இருந்தது. நிலம் விற்ற பணமும் சில பேரிடம் இருந்தது. லைன் வீடுகள் எழும்பின. நீளமாக ஒரு வராண்டா, பத்துக்குப் பத்து அறைகள், கோடியில் பொதுக் கழிப்பறை, மேலே ஒரு சின்டெக்ஸ் டேங்க். நெல்லை நம்பியவர்கள் வாடகையை நம்ப ஆரம்பித்தார்கள்.

இதில் முதல் ஆபத்து கட்டும்போதே இருக்கிறது. 2014 ஜூன் 28, சனிக்கிழமை சாயங்காலம், அப்போது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் ஒன்று, வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, மழையில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. 61 பேர் இறந்தார்கள். ஆந்திரா, ஒடிசா, தமிழ்நாடு என்று பல ஊர்க் கூலித் தொழிலாளர்கள். சம்பளம் வாங்க நின்றவர்களும் அதில் உண்டு என்று பத்திரிகையில் படித்தபோது சோறு இறங்கவில்லை. நீதிபதி ரகுபதி தலைமையில் விசாரணை ஆணையம் வைத்தார்கள். பக்கத்தில் நின்ற இரட்டைக் கட்டடத்தை 2016 நவம்பர் 2-இல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். டிவியில் பார்த்திருப்பீர்கள், சில நொடிதான்.

அதற்குப் பிறகு 2016-இல் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. ரெரா என்கிறோமே, அது. கட்டுமானக் கோளாறு ஐந்து வருடத்துக்குள் தெரிந்தால் கட்டியவர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும், வாங்குபவர்கள் கொடுத்த பணத்தில் நூற்றுக்கு எழுபதைத் தனிக் கணக்கில் வைத்து அந்தக் கட்டடத்துக்கே செலவழிக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் பிள்ளைகளே, அது புரொமோட்டர் விற்கும் வீட்டுக்கு. உங்கள் மனையில் நீங்களே மேஸ்திரி வைத்துக் கட்டும் லைன் வீட்டுக்கு ரெரா வராது. அங்கே புரொமோட்டரும் நீங்கள்தான், ஏமாறுபவரும் நீங்கள்தான். மேஸ்திரியிடம் நூறு ரூபாய் பத்திரத்திலாவது சிமெண்ட் எது, கம்பி எத்தனை எம்.எம்., எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம் என்று எழுதி வாங்குங்கள். "மாமா முறை ஆகுது, எப்படி எழுதி வாங்கறது" என்று ஒருவர் கேட்டார். மாமா முறை என்பதால்தான் எழுதி வாங்க வேண்டும். நாளைக்கு வளைகாப்புக்கு முகம் பார்க்க வேண்டாமா?

கட்டிக்கொண்டிருக்கும்போது பிடிக்கும் பாலிசி தனி. ஒப்பந்ததாரர் ஆல் ரிஸ்க் பாலிசி என்பார்கள். முதலில் 1929-இல் லண்டன் தேம்ஸ் நதியில் லாம்பெத் பாலம் கட்டியபோது எழுதப்பட்டது என்கிறார்கள். பாலம் பாதி நிற்கும்போது வெள்ளம் வந்து அடித்துக்கொண்டு போனால் யார் பொறுப்பு என்ற கேள்விக்குப் பிறந்தது. முடிந்த வீட்டுக்கான சாதாரண பாலிசி, தளம் போடாத பாதி வீட்டுக்குச் செல்லாது. நம் பக்கத்தில் ஐப்பசி கார்த்திகையில் சென்ட்ரிங் நிற்க, கம்பி கட்டி வைத்துவிட்டு, மழை விடக் காத்திருக்கும் வீடுகள் எத்தனை!

சென்ட்ரிங்கிலிருந்து ஆள் விழுந்தால்? வேலையிடத்து விபத்துக்கு இழப்பீடு என்பதற்கு 1923-லேயே நம் நாட்டில் சட்டம் வந்துவிட்டது. தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-இல் வந்தது. உங்கள் வேலையில் இருக்கும் பெரியாள், சித்தாள், கம்பி கட்டுபவர் ஒவ்வொருவரிடமும் நல வாரிய அட்டை இருக்கிறதா, புதுப்பித்திருக்கிறார்களா என்று காங்கிரீட் போடும் நாளுக்கு முன்னால் கேளுங்கள். ஆள் வைத்து வேலை செய்யும்போது எடுக்கும் தொழிலாளர் இழப்பீட்டு பாலிசியைப் பற்றி மேஸ்திரியிடம் பேசுங்கள். கடப்பைக்கல்லுக்கு ஆகும் செலவில் ஒரு துளிதான். வடநாட்டுப் பிள்ளை ஒருவன் விழுந்தால் அவன் வீட்டுக்குத் தகவல் சொல்லக்கூட போன் நம்பர் இல்லாத நிலையை நான் பார்த்திருக்கிறேன். பெயரும் ஊரும் வீட்டு நம்பரும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பள்ளிக்கூட வருகைப் பதிவேடு மாதிரி.

இரண்டாவது ஆபத்து மௌலிவாக்கம் விழுந்த அதே வருடம் வந்தது, சத்தமே இல்லாமல்.

நோக்கியா ஆலையில் நல்ல காலத்தில் ஆயிரக்கணக்கான பேர் வேலை பார்த்தார்கள், அதில் பெண் பிள்ளைகள் மிக அதிகம். வருமான வரி வழக்கில் ஆலை முடக்கப்பட்டதால், நோக்கியாவின் போன் தொழிலை மைக்ரோசாப்ட் வாங்கியபோது இந்த ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. 2014 நவம்பர் 1 முதல் உற்பத்தி நின்றது. அதை நம்பிய மற்ற ஆலைகளும் ஆட்டம் கண்டன. வேலை போன பிள்ளைகள் பெட்டியைக் கட்டிக்கொண்டு திருவண்ணாமலைக்கும் விழுப்புரத்துக்கும் ஊர் திரும்பினால் வாடகை எங்கிருந்து வரும்? செங்கல் ஒன்றுகூட விரிசல் விடவில்லை, வீடு அப்படியே நிற்கிறது, வருமானம் மட்டும் இல்லை. பக்கத்து மறைமலை நகரில் ஃபோர்டு ஆலை 2022-இல் உற்பத்தியை நிறுத்தியதும் இந்த ரகம்தான்.

இங்கேதான் பாலிசியில் வரும் ஒரு வார்த்தை நம்மவர்களை ஏமாற்றுகிறது: 'வாடகை இழப்பு'. என் தங்கை வீட்டுக்காரர் ஆறு அறை கட்டி விட்டிருந்தார். அவர் அறைகளில் இருந்த பிள்ளைகள் வேலை பார்த்த கம்பெனி வேறு இடத்துக்குப் போய்விட்டது. நாலு அறை காலி. பாலிசியில் வாடகை இழப்பு என்று போட்டிருக்கிறதே என்று தாளை எடுத்துக்கொண்டு போனார். அங்கே இருந்தவர் பொறுமையாக வாசித்துக் காட்டினார். தீ, வெள்ளம், புயல் போன்ற காரணத்தால் கட்டடம் சேதமாகி, குடியிருக்க முடியாமல் போன காலத்துக்கு வர வேண்டிய வாடகைதான் அது. கட்டடம் நன்றாக இருந்து ஆள் இல்லை என்றால் அந்த வரி பேசாது. அத்தான் மூன்று வருடம் தன் சம்பளத்திலிருந்தும், தங்கையின் சங்கிலியை வைத்தும் இ.எம்.ஐ. கட்டினார். கீழே ஒரு தையல் கடைக்கும் ஒரு குடும்பத்துக்கும் விட்டிருந்தது தாங்கிப் பிடித்தது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது இதையே எல்லோரும் ஒரே நேரத்தில் பார்த்தோம். அந்த மார்ச் 29-இல் மத்திய உள்துறை அமைச்சகம், புலம்பெயர்ந்தோர் உட்பட வாடகை அறைகளில் இருக்கும் தொழிலாளர்களிடம் ஒரு மாத வாடகை கேட்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. நியாயமான உத்தரவுதான், அந்தப் பிள்ளைகள் சோற்றுக்கே நின்றார்கள். ஆனால் எந்த இன்சூரன்ஸும் அந்த மாதத்தை வீட்டுக்காரருக்கு ஈடு செய்யாது.

ஆகவே இந்த ஆபத்துக்குப் பாதுகாப்பு பாலிசியில் இல்லை, ஐந்தாம் வகுப்புக் கணக்கில் இருக்கிறது. ஆறு அறை, அறைக்கு 4,000 என்றால் 24,000. இ.எம்.ஐ. 18,000 என்று வையுங்கள். லாபமாகத் தெரிகிறது. இரண்டு அறை காலியானால் 16,000. கடனுக்கே 2,000 குறைகிறது. கடன் வாங்கும் முன் பாதி அறை காலி என்று வைத்து ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு மாத இ.எம்.ஐ.யை நகையாகவோ வைப்பாகவோ கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். ஆறு அறையையும் ஒரே கம்பெனி ஆட்களுக்கு விடாதீர்கள். முடிந்தால் ஆறில் இரண்டைக் குடும்பம் இருக்கிற மாதிரி சமையலறையோடு கட்டுங்கள். கம்பெனி போனாலும் குடும்பம் சீக்கிரம் போகாது, பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள் அல்லவா.

மூன்றாவது தண்ணீர்.

2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கத்திலிருந்து 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் மாடி வரை தண்ணீர் வந்ததற்கு செம்பரம்பாக்கம் மட்டும் காரணமில்லை. அடையாற்றுக்குத் தண்ணீர் தருவது மணிமங்கலம், ஆதனூர் பக்கத்து நம் ஏரிகள்தான். ஒன்று நிரம்பி அடுத்ததற்குப் போகும் சங்கிலி. அந்தப் போக்குக் கால்வாயை எங்கே மண் கொட்டி மனை ஆக்கினோமோ அங்கே தண்ணீர் நின்றது. ஏரி வாரியம் வைத்திருந்த மாவட்டம்!

அந்த வெள்ளத்தில் போன சொத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குத்தான் காப்பீடு இருந்தது என்பது சுவிஸ் ரீ நிறுவனத்தின் மதிப்பீடு. அதிலும் பெரும்பகுதி தொழிற்சாலைகளும் வணிக நிறுவனங்களும். கம்பெனி தன் இயந்திரத்துக்கு இன்சூரன்ஸ் வைத்திருந்தது. அந்தக் கம்பெனிப் பிள்ளைகளுக்கு அறை விட்ட நம்மவர் தன் சுவருக்கு வைக்கவில்லை. இத்தனைக்கும் வெள்ளம் என்பது கம்பெனி பணம் கொடுக்கிற ஆபத்து!

வீட்டுக்குப் பாலிசி எடுப்பது இப்போது முன்பைவிட எளிது. 2021 ஏப்ரல் 1 முதல் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான பாலிசியை எல்லாப் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகளும் தர வேண்டும் என்று ஆணையம் சொல்லிவிட்டது. தீ, மின்னல், புயல், வெள்ளம், நிலநடுக்கம், கலவரம், வண்டி வந்து மோதுவது, தண்ணீர் டேங்க் வெடிப்பது எல்லாம் அதில் அடக்கம். என் கண்ணில் பட்ட பாலிசிகளில் இருபது இருபத்தைந்து லட்சம் கட்டடத்துக்கு வருட பிரீமியம் ஓர் அறையின் ஒரு மாத வாடகையைத் தாண்டவில்லை.

அதில் பழைய ஒரு சங்கடத்தையும் நீக்கியிருக்கிறார்கள். முன்பெல்லாம் 20 லட்சம் பெறும் கட்டடத்தை 10 லட்சத்துக்கு மட்டும் இன்சூர் செய்து, 4 லட்சம் சேதமானால், "நீ பாதிக்குத்தானே எடுத்தாய், பாதி வாங்கிக்கொள்" என்று 2 லட்சம் கொடுப்பார்கள். விகிதக் கணக்கு. வீட்டுக்கான இந்தப் புது பாலிசியில் அந்த வெட்டு கிடையாது. அதற்காகக் குறைத்து எடுத்தால், மொத்தமும் போகும் நாளில் எடுத்த தொகைக்கு மேல் ஒரு ரூபாய் வராது.

எவ்வளவுக்கு எடுப்பது என்று எல்லோரும் குழம்புகிறார்கள். மனையோடு சேர்த்து 60 லட்சம் பெறும் சொத்து என்றால் 60-க்கு எடுக்க வேண்டாம். அந்தக் கட்டடத்தை இன்று திரும்பக் கட்ட 24 லட்சம் ஆகும் என்றால் 24. மண் எரியாது. ஆனால் அந்த மண்ணே உங்களுடையது இல்லை என்று ஒருவன் வந்தால் இந்தத் தாளில் அதற்கு ஒரு வரியும் கிடையாது. அதற்குப் பாதுகாப்பு பட்டா, வில்லங்கச் சான்று, கிராம வரைபடம், 'அ' பதிவேடு. ஏரிப் புறம்போக்கு, கால்வாய்ப் புறம்போக்கு என்று இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். மாத்தூரில் மனை பார்க்கும் தம்பிக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்.

இன்னொன்று. வங்கியில் "இன்சூரன்ஸ் போட்டாச்சு" என்று சொன்னால் எந்த இன்சூரன்ஸ் என்று கேளுங்கள். கடன் வாங்கியவர் இறந்தால் மீதிக் கடனை அடைக்கும் பாலிசி ஒன்று. கட்டடத்துக்கான பாலிசி வேறு. முதலாவதை எடுத்துவிட்டு வீட்டுக்கே காப்பு இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்குபவர்கள் நம் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். வாடகைக் கடன் குடும்பத் தலைவர் ஒருவர் சம்பளத்தில் நிற்கிறது என்றால் முதலாவதும் நல்லதுதான். அது வீட்டம்மாவைக் காப்பாற்றும், வீட்டைக் காப்பாற்றாது. வங்கி சொல்லும் கம்பெனியில்தான் எடுக்க வேண்டும் என்றும் கட்டாயமில்லை.

குடியிருக்கும் பிள்ளைகளின் பொருளுக்கு உங்கள் பாலிசி வராது. டிவி, பைக், சர்டிபிகேட் போனால் போனதுதான். அதை அவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், சர்டிபிகேட்டையாவது மேல் அலமாரியில் வைப்பார்கள். அறைகளைக் கம்பெனிக்கு மொத்தமாகப் பெண்கள் விடுதியாக விட்டால் அது வீட்டுக் கணக்கில் வராது. 2014-இல் வந்த விடுதிகள் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்க வேண்டும், வீட்டு பாலிசிக்குப் பதில் வேறு பாலிசி எடுக்க வேண்டும். வீடு என்று எழுதிவிட்டு விடுதி நடத்தினால் பணம் கேட்கப் போகும் நாளில் அதைத்தான் முதலில் காட்டுவார்கள்.

விடுதி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் சிப்காட் சார்பில் 706.50 கோடி ரூபாயில் 18,720 பேர் தங்கும் பெண்கள் விடுதி திறந்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு நல்ல இடம், எனக்குச் சந்தோஷம். ஆனால் பத்துக்குப் பத்து அறையில் நாலு பேரை அடைத்து, கோடியில் ஒரு கழிப்பறை வைத்து இனிமேல் வாடகை வாங்க முடியுமா என்பதை, சேரப்பணஞ்சேரியில் அஸ்திவாரம் தோண்டுபவர் பிளானைத் திரும்ப விரித்துவைத்து யோசிக்கட்டும். அறைக்குள்ளேயே கழிப்பறையும் சன்னலும் வைக்க இன்னும் நேரம் இருக்கிறது.

பாலிசி எடுத்தவர்கள் தாளை அந்த வீட்டு பீரோவிலேயே வைத்துப் பூட்டாதீர்கள். 2015-இல் வரதராஜபுரத்தில் எனக்குத் தெரிந்த ஒருவருக்கு பாலிசி இருந்தது, தாள்தான் பீரோவோடு ஊறிப் போனது. நம்பர் தேடவே இரண்டு வாரம் ஆனது. ஒரு நகலை அக்கா வீட்டில் கொடுத்து வையுங்கள். அறைகளை, மீட்டர் பெட்டியை, மோட்டாரை வருடத்துக்கு ஒருமுறை போட்டோ எடுத்து போனிலும் மெயிலிலும் போட்டு வையுங்கள். பொங்கலுக்கு வெள்ளை அடித்த மறுநாள் எடுத்தால் வீடும் பார்க்க நன்றாக இருக்கும்.